"போர்டு செத்துப்போச்சு" என்பதற்கு முன்னால்: கேரம் போர்டின் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

மழை விட்ட மறுநாள் சாயங்காலம் எங்கள் மன்றத்தில் தவறாமல் ஒரு குரல் கேட்கும்: "அண்ணா, மூணாம் நம்பர் போர்டு செத்துப்போச்சு." சொல்கிற பையன் ஸ்ட்ரைக்கரை ஓங்கித் தட்டிக் காட்டுவான். அது எதிர்ப்பக்க மரச்சட்டத்தில் மோதித் திரும்பி, நடுவட்டத்தைக்கூடத் தாண்டாமல் நின்றுவிடும். இரண்டு நாள் முன்பு இதே தட்டுக்கு மூன்று தடவை போய்வந்த போர்டு அது.

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஏழு போர்டுகளைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். சிஸ்கா, சுர்கோ, சின்கோ, பிரிசைஸ் என்று போட்டிகளில் பார்க்கிற பெயர்களும் உண்டு, பெயரே இல்லாமல் நம்ம ஊர் ஆசாரி கையால் செய்ததும் உண்டு. இத்தனை நாளில் உண்மையிலேயே செத்த போர்டு என்று நான் வெளியே போட்டது இரண்டே இரண்டுதான். மற்றதெல்லாம் தண்ணீர் குடித்தவை, காய் வழுக்கப் போடுகிற போரிக் மாவு அடைத்தவை, இல்லையென்றால் கால் சரியில்லாத ஸ்டாண்டில் உட்கார்ந்தவை.

கம்பெனி பெயரை வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள் என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே தடிமன், ஒரே மாதத்தில் வாங்கிய இரண்டு போர்டுகள். ஒன்றைக் கடல் பக்கத்து ஜன்னலோரம் போட்டோம், இன்னொன்றை உள்சுவர் ஓரம். ஒன்றரை வருடத்தில் இரண்டும் வேறு வேறு ஆளாகிவிட்டன. ஜன்னலோரத்தது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கனத்துப்போகும். உள்சுவர் போர்டு ராத்திரி பத்து மணிக்கும் கண்ணாடி மாதிரி ஓடும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கரையோரம் குடியிருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. உப்புக்காற்று இரும்பை என்ன செய்கிறது என்று தினமும் பார்க்கிறோம். மரத்துக்குள் அதே காற்றின் ஈரம் சத்தமில்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும்

சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் சென்னையில்தான் தொடங்கியது. அதன் விதிகளில் ஓட்டத்துக்கு ஒரு அளவு உண்டு. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால், அது போர்டின் குறுக்கே குறைந்தது மூன்றரை ஓட்டம் போய்வர வேண்டும். இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே ஆள், ஒரே ஸ்ட்ரைக்கர், ஐந்து அடி. எண்ணிக்கையைச் சாக்பீஸால் சுவரில் எழுதிவையுங்கள். பிறகு போர்டைக் கால்வட்டம் திருப்பி மறுபடி ஐந்து அடி. ஒரு திசையில் மூன்றரை, இன்னொரு திசையில் இரண்டரை என்றால், கோளாறு போர்டு முழுக்க இல்லை, ஒரு ஓரத்திலோ ஒரு பக்கத்துச் சட்டத்திலோ இருக்கிறது.

ஸ்ட்ரைக்கரையும் ஒருமுறை பாருங்கள். அடிப்பக்கம் விரல் ஓட்டினால் நெருடுகிறதா? கீழே விழுந்து ஓரம் தெறித்த ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டு போர்டைத் திட்டுகிறவர்கள் நிறைய பேர்.

ஸ்ட்ரைக்கர் இழுக்கிறது, காய் பாதியிலேயே நிற்கிறது

பத்தில் ஏழு புகார் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சட்டத்தோடு ஒட்டிப் படுக்கவைத்து, பரப்பின் மேல் கிடைமட்டமாக ஒளி அடியுங்கள். பார்வைக்குப் பளிங்காக இருந்த பலகையில் வேறொரு உலகம் தெரியும். ஸ்ட்ரைக்கரை வைத்து அடிக்கிற கோடான பேஸ்லைன் ஓரமாக, கை ஊன்றுகிற இடத்தில், அரை உள்ளங்கை அளவுக்கு மங்கலான திட்டுகள் இருக்கும். விரல் நுனியால் தொட்டால் மாவு உருளாது, அப்பிக்கொள்ளும். வியர்வையும் எண்ணெயும் போரிக் பவுடரும் கலந்து இறுகிய படிமம் அது. ஸ்ட்ரைக்கர் அதன் மேல் ஏறும்போது வேகத்தில் பாதியை அங்கேயே விட்டுவிடுகிறது. பஜ்ஜி தின்ற கையோடு ஆட உட்காருகிற பழக்கம் இருக்கிற இடங்களில் இந்தத் திட்டு இன்னும் கெட்டியாக இருக்கும்.

ஈரத்துணியால் துடைக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஈரத்துணி அந்த நிமிடம் படிமத்தை எடுத்துவிடும், ஆனால் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அடுத்த மாதம் மேல்தோல் எழும்பும். காய்ந்த பருத்தித் துணி, பழைய வேட்டித் துண்டு இருந்தால் இன்னும் நல்லது. அதை உருண்டையாகச் சுற்றி, வட்டம் போடாமல், மரத்தின் நரம்பு ஓடுகிற திசையில் நீளவாக்கில் அழுத்தித் தேயுங்கள். துணியைத் திருப்பித் திருப்பிப் பத்து நிமிடம். அப்படியும் போகாத திட்டுக்கு, பழைய பிளாஸ்டிக் ஏடிஎம் கார்டின் ஓரத்தைப் படுக்கவாட்டில் வைத்து மெல்லச் சுரண்டலாம்.

துடைத்த பிறகும் கனமாக இருந்தால் ஈரம். இங்கே ஒரு விஷயம் கவனித்தேன். முன்பெல்லாம் போர்டுக்கு மேலே கூம்பு போட்ட 60 வாட்ஸ், 100 வாட்ஸ் குண்டு பல்பு தொங்கும். அதன் சூட்டில் பரப்பு வெதுவெதுப்பாகவே இருக்கும், ஈரம் தங்காது. எல்இடிக்கு மாறினோம், கரண்ட் பில் குறைந்தது, நல்ல விஷயம். ஆனால் அந்தச் சூடு போய்விட்டது. மழை மாதங்களில் எங்கள் போர்டுகள் முன்னைவிட அதிகமாக இழுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இப்போது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் ஜன்னலோரப் போர்டுக்குக் குண்டு பல்பையே மறுபடி மாட்டிவிடுகிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போட்டுவிட்டால் போதும்.

அடுத்தது மாவு. போரிக் பவுடர் வழுக்குவதற்குக் காரணம் அதன் படிக அமைப்பு. ஏடு ஏடாக அடுக்கப்பட்டது, ஒரு ஏடு இன்னொன்றின் மேல் நழுவும். பென்சில் கரி வழவழப்பாக இருப்பதும் இதே காரணத்தால்தான். டப்பாவுக்குள் ஈரம் போய்க் கட்டிபட்டுவிட்டால் அந்த ஏடுகள் நழுவாது, மணல் மாதிரி உருளும். ஆகவே மாவை மெல்லிய துணியில் சலித்து, ஒரு சிட்டிகை போட்டு, உள்ளங்கையால் பரப்பி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். பரப்பில் வெள்ளையாகத் தெரிந்தால் அளவு அதிகம். முகப்பவுடர் தற்காலிகம், வாசனை எண்ணெய் கலந்தது அப்பிக்கொள்ளும். மைதா மாவைப் போடவே கூடாது, எறும்பு வரும், ஈரத்தில் பசையாகிவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் போரிக் டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள், வாயில் போட்டால் விஷம். ஆடி முடித்ததும் கை கழுவுங்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இந்த இடத்தில்தான். சில போர்டுகள் தடித்த பளபளப்புப் பூச்சோடு வரும். புதிதில் காய் பறக்கும், கட் அடித்தால் காய் எங்கே போகிறதென்று கண்ணுக்கே பிடிபடாது. ஆனால் காற்றில் ஈரம் கூடினால் அதே பளபளப்பு காயின் அடியைக் கவ்வும். கண்ணாடிமேல் ஈர டம்ளர் ஒட்டிக்கொள்கிற மாதிரி. மெல்லிய, மங்கலான பூச்சு உள்ள போர்டு முதல் நாள் உங்களைக் கவராது. மூன்று மாதம் தினம் ஆடுங்கள், பரப்பு பதப்பட்டுவிடும், மாவும் கொஞ்சம்தான் கேட்கும். நானாக இருந்தால் கடலோரத்துக்கு இரண்டாவது வகையைத்தான் எடுப்பேன். பளபளப்பைப் பார்த்துவிட்டுப் பையன்கள் முதல் வகையைத்தான் கேட்பார்கள், அது வேறு.

காய் தானாக ஒரு பக்கம் ஒதுங்குகிறது

மெதுவாகத் தள்ளிய காய் நேராகப் போகாமல், கடைசி நாலு விரற்கடையில் வளைகிறதா? போர்டை அப்படியே கால்வட்டம் திருப்புங்கள். வளைவும் போர்டோடு சேர்ந்து திரும்பினால் போர்டில் கோளாறு. போர்டைத் திருப்பியும் காய் அதே ஜன்னல் பக்கம்தான் போகிறது என்றால் போர்டின் மேல் தப்பில்லை, தரையிலோ ஸ்டாண்டிலோ இருக்கிறது.

நம் வீடுகளில் பெரும்பாலும் தரைதான். கழுவிவிட்ட தண்ணீர் வழிந்து போவதற்காகத் தாழ்வாரத்தையும் மொட்டை மாடியையும் சாய்வாகத்தான் பூசுவார்கள். அதன் மேல் நாற்காலி வைத்தால் தெரியாது, கேரம் போர்டு வைத்தால் முதல் ஷாட்டிலேயே தெரிந்துவிடும். கொத்தனாரிடம் ஒரு ரசமட்டம் இரவல் வாங்கி, பரப்பின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பாருங்கள். தாழ்ந்திருக்கிற காலுக்கு அட்டை மடித்து வைக்காதீர்கள், அட்டை அமுங்கும். மெல்லிய ரப்பர் துண்டோ பிளைவுட் சீவலோ வையுங்கள். ஸ்டாண்ட் உயரம் 63-லிருந்து 70 செ.மீ.க்குள் இருப்பது விதி. டிரம் மேல், ஸ்டூல் மேல் வைத்து ஆடுகிற தெருப் போர்டுக்கு நாலு மூலையிலும் சம ஆதாரம் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நடுவில் பள்ளம் அல்லது நடுவில் மேடு

தையல் நூலை எடுத்து, ஒரு மூலைப் பாக்கெட்டிலிருந்து எதிர்மூலைப் பாக்கெட்டுக்குப் பரப்பை ஒட்டி இழுத்துப் பிடியுங்கள். நடுவட்டத்தில் நூலுக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் பள்ளம். நூல் நடுவில் தொட்டு, ஓரங்களில் தூக்கி நின்றால் மேடு. காயை வைத்தும் சொல்லலாம். பள்ளமென்றால் ஆட்டம் முடியும்போது காய்கள் நடுவிலேயே குமிந்து கிடக்கும். மேடென்றால் எல்லாம் சட்டத்தோரம் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஏன் இப்படி ஆகிறது? பிளைவுட் என்பது மெல்லிய மரத்தோல்களை, ஒன்றின் நரம்புக்குக் குறுக்கே இன்னொன்றாக ஒட்டி அழுத்தியது. மரம் ஈரம் குடித்தால் நரம்புக்குக் குறுக்குவாட்டில்தான் அதிகம் உப்பும். குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு முகமும் ஒரே அளவு ஈரம் குடித்தால் பலகை நேராகவே இருக்கும். ஆனால் பல போர்டுகளில் மேல்முகத்துக்கு நாலு கோட் பூச்சு, அடிமுகத்துக்கு ஒன்றுமே கிடையாது, அல்லது ஒப்புக்கு ஒரு கை வண்ணம். அடிமுகம் மட்டும் ஈரம் குடித்து உப்பினால் பலகை கீழ்ப்பக்கம் புடைக்கும், மேலிருந்து பார்த்தால் பள்ளம். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து மேல்முகம் உப்பினால் மேடு. ஆக, மேடு விழுவது பெரும்பாலும் நம் கையால்.

எனவே போர்டு வாங்கும்போது பெரியமேட்டு விளையாட்டுச் சாமான் கடையில் நான் முதலில் செய்வது, போர்டைக் குப்புறப் போட்டுப் பார்ப்பது. கடைக்காரர் மேல்முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பார், பரவாயில்லை. அடியில் பூச்சு உண்டா, பலகையைத் தாங்கக் குறுக்கே அடிக்கிற ரீப்பர் கட்டை எத்தனை, ரீப்பர் பலகையோடு முழு நீளமும் ஒட்டியிருக்கிறதா, ஆணி மட்டும்தானா, பசையும் உண்டா? விதிப்படி ஆடுபரப்பு குறைந்தது 8 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். 73.5-லிருந்து 74 செ.மீ. சதுரத்துக்கு 8 மி.மீ. என்பது கடலோரத்தில் விளிம்பில் நிற்கிற அளவு. அடியில் ரீப்பர் நன்றாக இருந்தால் தாங்கும், இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலம். 12 அல்லது 16 மி.மீ. எடுத்தால் நிம்மதி. பொம்மைக்கடையில் விற்கிற 4 மி.மீ. போர்டு குழந்தைகள் கோடை விடுமுறையில் ஆடத்தான், அதில் பள்ளம் விழுந்தால் வருத்தப்பட வேண்டாம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். மிகத் தடித்த போர்டுகளை வாங்கினால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். அவை வளைவது அரிது, வாஸ்தவம்தான். ஆனால் ஒருமுறை வளைந்துவிட்டால் திரும்ப நேராக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. 12 மி.மீ. பலகை சொன்ன பேச்சைக் கேட்கும்.

நேராக்குகிற முறை இது. பள்ளமென்றால் போர்டைக் குப்புறப் போடுங்கள், உப்பிய அடிமுகத்தின் மேல் காற்று படட்டும். தரையோடு ஒட்டாமல் நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் மூன்று நான்கு நாள். வெயிலில் வைக்காதீர்கள். ஒரு முகம் மட்டும் படபடவென்று காய்ந்து எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும், சட்டத்தின் மூலை இணைப்பும் விட்டுப்போகும். காய்ந்த பிறகும் பள்ளம் மிச்சமிருந்தால், குப்புறக் கிடக்கிற பலகையின் நடுவில் மட்டும் கொஞ்சம் எடை ஏற்றுங்கள். நான் பழைய டெலிபோன் டைரக்டரிகளை வைத்திருக்கிறேன், அரிசி மூட்டையும் ஆகும். ஒரு வாரம் பொறுங்கள். நேரானதும், அன்றைக்கே, அடிமுகத்துக்கு இரண்டு கோட் பூச்சு கொடுத்துவிடுங்கள். மேடென்றால் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

பூச்சு அடிக்க மாசி, பங்குனிதான் நல்ல காலம். மழை நாளில் லேக்கர் அடித்தால் காற்றிலிருக்கிற ஈரம் சிக்கிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும்.

ரீபவுண்ட் மந்தமாக இருக்கிறது

ஆடத் தெரிந்தவனுக்கு அதிகம் வலிக்கிற கோளாறு இது. கணக்குப் போட்டு எதிர்ச்சட்டத்தில் அடிக்கிறான், ஸ்ட்ரைக்கர் பாதி உயிரோடு திரும்பி வருகிறது.

ஸ்ட்ரைக்கரைக் கையில் பிடித்து, சட்டத்தின் உட்பக்கத்தை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை இரண்டு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். காதைக் கிட்டே வைத்துக்கொள்ளுங்கள். "டக், டக், டக்" என்று வந்துகொண்டிருப்பது ஒரு இடத்தில் "தொப்" என்று மாறும். அங்கே சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் பசை விட்டிருக்கிறது. பென்சிலால் குறி வைத்துவிட்டு மற்ற மூன்று பக்கமும் தட்டுங்கள்.

அந்த இடுக்கில் வருடக்கணக்கான போரிக் மாவு சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ், ஊசி, சைக்கிள் பம்பின் காற்று, இந்த மூன்றையும் வைத்துச் சுத்தமாக எடுங்கள். மாவு இருக்கிற இடத்தில் பசை பிடிக்காது, அவசரப்படுகிறவர்கள் தோற்பது இங்கேதான். பிறகு மரப்பசையைக் கொஞ்சம் நீர்க்க வைத்து, பிளேடு நுனியால் உள்ளே ஓட்டுங்கள். வெளிச்சட்டத்தைச் சுற்றிக் கெட்டிக் கயிறு கட்டி, மூலைகளில் அட்டை மடித்து வைத்து, கயிற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். மாட்டுவண்டியில் பாரம் இறுக்குவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வழிந்த பசையை உடனே துடைத்து, ஒரு ராத்திரியும் ஒரு பகலும் விட்டுவிடுங்கள்.

தட்டினால் எல்லா இடத்திலும் ஒரே சத்தம், ஆனாலும் மந்தம் என்றால் சட்டத்தின் மரத்தைப் பாருங்கள். சீசம், கருவேலம், ரோஸ்வுட் போன்ற கெட்டி மரச் சட்டங்கள் பல வருடம் ஓங்கி அடி வாங்கும். மென்மையான மரத்தில் ஸ்ட்ரைக்கர் உயரத்துக்கு நேராக ஒரு வரிப்பள்ளம் விழுந்துவிடும். நகத்தை மேலிருந்து கீழாக இழுத்தால் தட்டுப்படும். பள்ளம் லேசாக இருந்தால், நேரான கட்டையில் 220 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, சட்டத்தின் முழு நீளத்துக்கும் ஒரே இழுப்பாகத் தேய்த்து, மறுபடி பூச்சு கொடுக்கலாம். பள்ளம் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழும், ரீபவுண்ட் கோணமே மாறிவிடும். நகம் நன்றாக மாட்டுகிற ஆழமென்றால் ஆசாரியிடம் கொடுத்துச் சட்டம் மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல பலகைக்கு அந்தச் செலவு செய்யலாம்.

சட்டம் அகலமாகவும் கனமாகவும் இருந்தால் திரும்பி வருகிற வேகம் அதிகம். விதி 6.35-லிருந்து 7.6 செ.மீ. அகலம் வரை அனுமதிக்கிறது. கீழ்க்கோடியில் நிற்கிற சட்டத்துக்கும் மேல்கோடியில் நிற்கிற சட்டத்துக்கும் கையில் தெரிகிற வித்தியாசம் உண்டு, ஆடுகிறவர்கள் இரண்டுக்கும் பழக வேண்டும். செரியன் நகரிலிருந்து போய் 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்தாள் காசிமா. புதுவண்ணாரப்பேட்டைப் பிள்ளை. அந்தச் செய்தி வந்த வாரத்திலிருந்து எங்கள் மன்றத்தில் பெண்பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களை வாரம் ஒரு போர்டு என்று மாற்றி மாற்றி ஆடவிடுகிறேன். போட்டியில் என்ன போர்டு போடுவார்களோ தெரியாது. வேகச் சட்டத்தில் மட்டும் பழகிய கை, மந்தச் சட்டத்தில் முதல் செட்டைப் பறிகொடுத்துவிடும்.

அடித்தால் கடகடவென்று சத்தம்

ரீப்பர் ஆணி தளர்ந்திருக்கிறது. குப்புறப் போட்டு, ஆணியைப் பிடுங்கி, பசை வைத்து, அதே இடத்தில் திருகாணி போடுங்கள். திருகாணியின் நீளம் ரீப்பர், பலகை இரண்டின் தடிமனையும் சேர்த்ததைவிடக் குறைவாக இருக்கட்டும். நுனி மேல்முகத்தில் எட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் காய் ஆயுசுக்கும் தட்டும்.

பரப்பில் சிம்பு, சொரசொரப்பு, கோடு அழிவது

பேஸ்லைன் ஓரத்தில் நகம் பட்டுப்பட்டுப் பூச்சு தேய்வது எந்தக் கம்பெனிப் போர்டிலும் நடக்கும். கோடு அச்சடித்து அதன் மேல் பூச்சு போட்டதா, பூச்சுக்கு மேல் கோடு போட்டதா என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலைக் கோட்டின் குறுக்கே ஓட்டுங்கள். விரலுக்குக் கோடு தெரிந்தால் அது பூச்சுக்கு மேலே இருக்கிறது, ஒரு வருடத்தில் தேயும், காயும் அதன் மேல் லேசாகத் துள்ளும்.

சிம்பு எழும்பியிருந்தால் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் நரம்போடு நீளமாகக் கிழித்துக்கொண்டு போகும். குண்டூசி முனையில் பசை தொட்டு அடியில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, எடை வைத்துவிடுங்கள். காய்ந்ததும் 400 நம்பர் உப்புத்தாளால் நரம்பு ஓடுகிற திசையில் நாலே இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். மெழுகுவர்த்தி தேய்த்தால் வழவழப்பாகும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஆட்டத்துக்கு வழவழப்பாகத்தான் இருக்கும், மூன்றாவது ஆட்டத்தில் மெழுகும் மாவும் சேர்ந்து அழுக்கு உருண்டையாகும். பிறகு அதை எடுப்பதற்குள் விரல் தேய்ந்துவிடும்.

பாக்கெட் வாயில் வந்து காய் நிற்கிறது

பாக்கெட்டின் குறுக்களவு 4.45 செ.மீ., ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 4.13 செ.மீ. ஆக, ஸ்ட்ரைக்கரைப் படுக்கவாட்டில் பாக்கெட் வாயில் வைத்து விட்டால் உரசாமல் விழ வேண்டும். உரசினால் வாய் ஓரம் ஈரத்தில் உப்பியிருக்கிறது. கடைசல் ஓரத்துக்குப் பூச்சு படாமல் விட்டிருப்பார்கள், அடுக்குகளின் வெட்டுமுகம் நேராகத் தண்ணீர் குடிக்கும். காயவைத்து, உப்புத்தாளை விரலில் சுற்றி மெல்லத் தேய்த்து, ஓரத்துக்கு மட்டும் சின்ன பிரஷால் பூச்சு தொட்டுவிடுங்கள். புதுப் போர்டு வாங்கிய அன்றைக்கே நாலு வாயிலும் இதைச் செய்துவிட்டால் இந்தக் கோளாறே வராது. வாய் ஓரம் மழுங்கி உருண்டுபோயிருந்தால் விட்டுவிடுங்கள். காய் கொஞ்சம் சுலபமாக விழும், அவ்வளவுதான். பயிற்சிக்கு அதை வைத்துக்கொள்ளாதீர்கள், வேறு போர்டில் திண்டாடுவீர்கள்.

வெள்ளத்தில் முழுகிய போர்டு

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வாரம் மூன்று போர்டுகள் எங்களிடம் வந்தன. கறுப்பாகப் பிசுபிசுப்போடு இருந்தது ஒன்று. எண்ணெய் மரத்துக்குள் இறங்கிவிட்டால் அதன் மேல் பசையும் பிடிக்காது, பூச்சும் பிடிக்காது. இரண்டு வாரம் முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டேன்.

மற்ற இரண்டும் வெறும் மழைத்தண்ணீரில் ஒரு ராத்திரி கிடந்தவை. அவற்றை எடுத்து வந்தவர்களிடம் முதலில் சொன்னது, வீட்டுக்குள் வந்ததும் நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, நிமிர்த்திச் சுவரில் சாய்க்காமல், கிடைமட்டமாகச் செங்கல் மேல் வைக்க வேண்டும் என்பது. சாய்த்து வைத்த ஈரப்பலகை தன் எடையிலேயே வளைந்து அப்படியே காய்ந்துவிடும். பத்து நாள் கழித்து விரல் மூட்டால் பரப்பெங்கும் தட்டிப் பார்த்தோம். ஒரு போர்டில் எங்கும் கெட்டிச் சத்தம். அது நீர் தாங்குகிற பசையில் ஒட்டிய பிளைவுட். மேல்பூச்சு மட்டும் மங்கிப்போயிருந்தது, தேய்த்துப் புதுப் பூச்சு கொடுத்தோம், இன்றைக்கும் ஓடுகிறது. இன்னொன்று ஈரப்பதத்தை மட்டும் ஓரளவு தாங்குகிற சாதாரண வகை. நடுவட்டத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குத் தட்டினால் அப்பளம் மாதிரி சத்தம். வெட்டுமுகத்தில் பார்த்தால் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் நகம் நுழைந்தது.

ஓரத்தில் விட்டிருந்தால் பசை ஏற்றி இறுக்கலாம். நடுவில் விட்டால் பசையைக் கொண்டுசேர்க்க வழியில்லை. துளை போட்டு ஊசியால் ஏற்றிப் பார்த்திருக்கிறேன், மேடும் பள்ளமுமாகத்தான் காய்ந்தது. அந்தப் போர்டின் பலகையைக் கழற்றி எடுத்துவிட்டோம். சட்டம் நல்ல சீசம், ஒரு கீறலும் இல்லை. ஆசாரி அண்ணன் அதற்கு 12 மி.மீ. புதுப் பலகை போட்டு, அடிமுகத்துக்கும் நாலு பாக்கெட் வாய்க்கும் மூன்று கோட் பூச்சு கொடுத்திருக்கிறார். இப்போது அதுதான் எங்கள் ஆறாம் நம்பர் போர்டு. போன கார்த்திகையில் அடைமழை பெய்த ஒரு சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன், மூன்றேகால் ஓட்டம்.